அந்நிய மண்ணில் ஒரு கல்லறை

இறந்தவனுக்கு வாழ்பவன் செய்யவேண்டிய கடன் யாது? உறவினன் ஒருவன் இறந்தவிடத்து இவ்வினா எழுவதில்லை. அன்பே அங்கு விடை பகர்ந்துவிடுகின்றது. ஆனால், நாம் கண்டறியாத, நம் மொழி பேசாத ஒருவன் நம் மண்ணிற் புதைக்கப்பட்டிருப்பின், அவனை நினைக்கும் கடப்பாடு நமக்கு உண்டா?

பேராதனையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத கண்டி யுத்த மயானம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்த ஏறத்தாழ 200 பேர் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். பிரித்தானியர், இந்தியர், இலங்கையர் ஆகியோருடன் கிழக்கு ஆபிரிக்கரும் அவர்களுள் அடங்குவர். கென்யா, உகண்டா, தங்கனீக்கா, நியாசலாந்து ஆகிய குடியேற்ற நாடுகளிலே திரட்டப்பட்ட காலாட்படையினரைக் கொண்ட 11ஆவது கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு 1943இல் இலங்கைக்கு வந்து, இங்குப் பயிற்சி பெற்று, 1944இல் பர்மாப் போர்முனைக்குச் சென்றது. இலங்கையில் தரைப்போர் நிகழவில்லை. எனவே, இங்குத் துயில்வோருட் பலர் நோயாலும் விபத்தாலும் மாண்டவர்களே.

இத்தகைய மயானங்களைப் பராமரிக்கும் ஆணைக்குழு 1917இல் தோற்றுவிக்கப்பட்டது. அக்காலத்தில் அது பேரரசின் பெயரைத் தாங்கியிருந்தது. இறந்தோரின் உடல்களைத் தாயகத்திற்குக் கொண்டுசெல்லலாகாது என்பதும், பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடுகள் கல்லறையிற் காட்டப்படலாகாது என்பதும் அதன் அடிப்படைக் கொள்கைகள். பொருள் படைத்தோர் தம் மைந்தரின் உடலைக் கொண்டுசெல்ல, வறியோர் இயலாது நிற்கும் நிலையைத் தவிர்ப்பதற்கே முதலாவது விதி வகுக்கப்பட்டது. அதனை எதிர்த்துப் பிரித்தானியத் தாய்மார் பலர் குரலெழுப்பினர். சமத்துவத்தின் விலையைச் செலுத்தியவர்கள் அத்தாய்மாரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கென்யக் கிராமத்துத் தாயொருத்தி கண்டிக்கு வந்து தன் மகனின் கல்லறையைக் காண்பது எங்ஙனம்? அவளுக்கு மறுக்கப்பட்ட அக்கடமை எவரிடம் செல்கின்றது? அவன் எங்குக் கிடக்கின்றானோ, அங்கு வாழ்வோரிடமே அது வந்து சேர்கின்றது என்பதே எமது கருத்து. நாம் அதனை வேண்டிப் பெறவில்லை. ஆயினும் அருகிலிருப்போர் நாமே.

இக்கடமை தவறியதன் விளைவை வரலாறு காட்டுகின்றது. முதலாம் உலகப் போரிலே பேரரசுக்காக இறந்த ஆபிரிக்க, ஆசியப் படையினர், சுமைதூக்குவோர் ஆகியோருள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயர் பொறிக்கப்படாமலோ எவ்வித நினைவுமின்றியோ விடப்பட்டனர் என 2021இல் அவ்வாணைக்குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. சமத்துவம் பேசிய ஏட்டிலேயே நிறவேற்றுமையும் எழுதப்பட்டிருந்தது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். போர்வீரனை நினைத்தல் போரையும், அவனை அனுப்பிய பேரரசையும் போற்றுவதாகாதா? புறக்கணிக்கத்தக்க வினாவன்று இது. நம் முன்னோரின் நடுகல் மரபை ஈண்டு ஒப்புநோக்கலாம். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது ஈறாக அம்மரபின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறும். நடுகல் வீரனின் செயலைப் போற்றுவது. அவனுடைய சுற்றத்தாரிடையே நிற்பது. கண்டியிலுள்ள கல்லறையோ இவ்விரு தன்மைகளும் அற்றது. காய்ச்சலில் இறந்த சிப்பாய்க்குப் பாடத்தக்க மறச்செயல் இல்லை. பாடுவதற்குச் சுற்றமும் இல்லை. எஞ்சுவது பெயர் ஒன்றே. புகழ்ச்சியிலிருந்து நினைவைப் பிரித்துக் காண்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவனை ஆண்ட பேரரசு அவனை ஓர் எண்ணாகவே கணித்தது. நாமும் அவனை மறப்போமாயின், பேரரசை எதிர்த்தவர்களாக மாட்டோம். அது தொடங்கிய அநீதியை நிறைவு செய்தவர்களாவோம்.

போரில் மாண்டோரை நினைப்பதே பிணக்குக்குரியதாகிவிட்ட நாட்டில் நாம் வாழ்கின்றோம். எம்மவரின் கல்லறைகளுக்கு மதிப்பு வேண்டி நிற்கும் எவரும் பிறருடைய கல்லறையை மதிக்கக் கடமைப்பட்டவரே. நமக்கு எவ்வுறவும் இல்லாத, நமக்கு எவ்வித நன்மையும் தீமையும் செய்யாத அந்த ஆபிரிக்கச் சிப்பாயின் முன்னே நின்று அவன் பெயரை ஒருமுறை வாசிக்க நம்மால் இயலுமாயின், நினைவு என்பது இனப்பற்றின் மறுபெயரன்று, அது மனிதனுக்கு மனிதன் செலுத்தும் கடன் என்பதை நாம் உணர்ந்தவர்களாவோம்.