உடற்பற்றும் உறுப்புக் கொடையும்



சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளை நம் புதுக்கோட்டை மாவட்டத்தார் அறிவர். உயிர் வேறு, உடல் வேறு எனத் தெளிந்த முனிவர்கள் அங்கே உடற்பற்றை விட்டனர். அத்தெளிவினை நாவால் ஓதும் நாம், எரியிற் சாம்பலாகும் சிறுநீரகத்தை ஈயத் தயங்குவது ஏன்?

தயக்கத்திற்குக் காரணம் உண்டு. மூளைச்சாவு எய்தியவரின் இதயம் துடிக்கையிலேயே உறுப்புகள் எடுக்கப்படுகின்றன. அது கொலையாகாதா என அறிந்தோரே வினவுகின்றனர். அகிம்சையாளர் கேட்கவேண்டிய வினாவே இது. செயற்கைச் சுவாசக் கருவி காற்றை ஏற்றுவதாலேயே அவ்விதயம் இயங்குகிறது. கருவியை அகற்றினால் தானே மூச்சு எழாது. நான்கு மருத்துவர் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்த பின்னரே 1994 ஆம் ஆண்டுச் சட்டம் கொடைக்கு இடமளிக்கிறது. ஆதலின் இதனை ஔடத தானமாகவே கொள்வேன்.

2017 இல் பிக் பாஸ் நிகழ்ச்சியைத் தொகுக்கத் தொடங்கி, மறு ஆண்டே கட்சி கண்ட கமல்ஹாசன், 2002 இலேயே தம் உடலைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு அளிப்பதாக உறுதியளித்தவர். (நிகழ்ச்சியை நான் பார்ப்பதில்லை, பிறர் பூசலை வேடிக்கை பார்ப்பது நமக்கு ஆகாது.) ஆயினும் அது மாணவர் கற்பதற்கான உடற்கொடை, உறுப்புக்கொடை வேறு. புகழுடையார் அறிவிப்பினும், 2008 செப்டம்பரில் தம் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்த மருத்துவப் பெற்றோரே தமிழகத்தின் நெஞ்சை அசைத்தனர். அவன் இதயம் ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. கொடையாளர் இறுதிச் சடங்கிற்கு அரசு மரியாதை 2023 இல் அறிவிக்கப்பட்டது.

பிள்ளைகளிடம் இன்றே கூறிவையுங்கள். அட்டையில் நீங்கள் கையொப்பமிட்டிருந்தாலும், மருத்துவமனையில் உற்றாரின் இசைவே கேட்கப்படும்.