காத்தலும் உடைமையாக்கலும்

ஆயக்குடிக் கொய்யாத் தோப்பொன்றில் வரப்பை வெட்டுகையில் பாம்பு முட்டைகள் வெளிப்பட்டன. நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர், அவற்றை மணற்பெட்டியில் வைத்துப் பொரிக்கச் செய்து, குட்டிகளை வளர்க்கலாமா என வினவினார். நசுக்காமல் கேட்டாரே என மகிழ்ந்தோம். எனினும் உடனே விடை கூற இயலவில்லை.

அயல்நாடுகளில் வளர்ப்பு மலைப்பாம்பின் முட்டைகளை ஏறத்தாழ 31 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஈரம் குன்றாமல், இரு திங்கள் அளவும் வைத்துப் பொரிக்கின்றனர். கோழிமுட்டையைப்போல் இவற்றைப் புரட்டலாகாது. ஓட்டின் உட்புறம் ஒட்டிய கரு மடியக்கூடும். பழகாத கையின் அன்பும் கொலையாய் முடியும்.

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஊர்வனவற்றின் முட்டைகளைக் கலைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. சட்டம் நிற்க, அறம் யாது? வயலில் பாம்பு எலியை உண்பது அதன் இயல்பு. பெட்டியில் வளர்ப்பின் அவ்வெலியை நாமே இரையாக்க வேண்டும். அக்கொலை நம் கையதாகும். காத்தமையாலேயே ஓர் உயிர் நமக்கு உரியது என எண்ணுதல் பற்றே அன்றிக் கருணையன்று.

ஆதலின், மேற்புறம் மாறாமல் மண்ணால் மூடி, வனத்துறைக்குத் தெரிவிக்குமாறு கூறினோம். அவை பொரிந்தனவா என அறியோம். அறியாதிருக்க உடன்படுதலும் பற்று நீக்கமன்றோ? அன்பர்கள் சிந்திப்பாராக.