பழுது பார்ப்பவனின் கடன்

வார நாட்களில் எனக்கு வேறு உத்தியோகம். சனி, ஞாயிறுகளில் பழைய வீட்டுக் கணினிகளைப் பழுது பார்க்கிறேன். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய ஊர். வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஒரு மேஜை, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், டப்பா டப்பாவாகச் சிப்புகள். காசு வாங்குவதில்லை. அதனாலேயோ என்னமோ, செய்வதெல்லாம் நல்ல காரியம் என்று ஒரு நினைப்பு எனக்கு வெகுநாள் இருந்தது. அந்த நினைப்பு உடைந்த கதையையும், அதற்குப் பிறகு யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெண்மணி ஒரு பிபிசி மைக்ரோவைக் கொண்டுவந்து கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த வருடம்தான் காலமாகியிருந்தார். வீட்டைக் காலி செய்யும்போது பரணில் அகப்பட்டதாம். "ஓடினால் சந்தோஷம். ஓடாவிட்டால் பரவாயில்லை" என்றார்.

பிபிசி மைக்ரோ எனக்குப் புதிதல்ல. 1984ல் இந்திய அரசு பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்த 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்காகத் தேர்ந்தெடுத்த இயந்திரம் இதுதான். நான் படித்த பள்ளிக்கும் வந்தது. பள்ளியிலேயே ஏசி வைத்த ஒரே அறை அதற்குத்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு இயந்திரத்துக்கு ஆறு பேர். வாரத்துக்கு ஒரு பீரியட். பின்வரிசையில் நின்றவனுக்குக் கை எட்டுவதற்குள் மணி அடித்துவிடும். "டேய், தொட்டுட்டுத் தொலைக்காதே" என்று சார் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் உறையை எடுத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால் விசைகளுக்கு நடுவே கொஞ்சம் குங்குமம் இறங்கியிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. எடுக்கவும் பயம்.

ஆக, ஐம்பது வயதுக்கு மேல் அந்த இயந்திரத்தை என் மேஜையில் வைத்து மூடியைத் திறப்பது என்பது எனக்கு வெறும் ரிப்பேர் வேலை இல்லை. அன்றைக்குக் கைக்கு எட்டாதது இன்றைக்கு முழுசாக என் கையில்.

*

முதல் வேலை பவர் சப்ளை. இந்த இயந்திரங்களின் பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில் இரண்டு கபாசிட்டர்கள் உண்டு. காகிதச் சுருளைப் பிசினில் அடைத்துச் செய்தவை. நாற்பது வருடத்தில் பிசின் வெடிப்பு விட்டு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்விட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு 'டப்' என்ற சத்தம், அறை முழுக்கப் புகை. எனவே ஓடுகிறதா என்று சோதிப்பதற்கு முன்னாலேயே அவற்றை மாற்றிவிடுவது வழக்கம். மாற்றினேன். ஒரு நினைவகச் சிப் செத்திருந்தது, மாற்றினேன். ஒட்டிக்கொண்ட விசைகளைக் கழற்றிக் கழுவினேன். பழுப்பேறிய மேல்மூடியில் பெராக்சைடு பூசி வெயில் காட்டி, பழைய வெளிர் நிறத்துக்குக் கொண்டுவந்தேன்.

பிபிசி மைக்ரோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேல் வரிசையில் பத்து சிவப்பு விசைகள் இருக்கும். எந்த விசைக்கு என்ன வேலை என்பதை நாமே நிரல் எழுதி வைத்துக்கொள்ளலாம். அது மறந்துபோகாமல் இருக்க, விசைகளுக்கு மேலே ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டை. அதற்கடியில் எழுதிய காகிதம் ஒன்றைச் செருகி வைக்கலாம். இந்த இயந்திரத்திலும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. ஓரம் மடங்கி, நிறம் மாறி, நீல மையில் ஏதோ எழுத்து. பட்டையைக் கழுவும்போது அதை உருவிக் குப்பையில் போட்டேன். அச்சடித்த புதுக் காகிதம் ஒன்றை அளவாக வெட்டிச் செருகினேன். பார்க்க ரொம்ப நேர்த்தியாக இருந்தது.

ஸ்விட்சைப் போட்டதும் அதற்கே உரிய இரட்டைச் சத்தம் கேட்டது. திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', அதற்குக் கீழே 'பேசிக்' என்று வந்தது.

எடுத்துப்போகவந்த பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. மூடி புதுசு போல இருப்பதைத் தடவிப் பார்த்தார். பிறகு சிவப்பு விசைகளைப் பார்த்துவிட்டு, "இங்கே அப்பா எழுதின ஒரு காகிதம் இருந்ததே?" என்றார்.

"காகிதமா? நான் கவனிக்கலையே" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் "பரணிலேயே விழுந்திருக்கும்" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். "தூக்கிப் போட்டது தெரியாம நடந்தது, சரி. அந்தம்மா இப்போ பரண்ல ஏறித் தேடிக்கிட்டிருப்பாங்களே, அது உங்களுக்குத் தெரிஞ்சேதானே நடக்குது?" என்றாள்.

*

பழம்பொருள் பழுது பார்ப்பவர்களுக்குள் ஒரு ஓயாத சண்டை உண்டு. ஒரு கட்சிக்காரர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த எதையும் தொடக்கூடாது என்பார்கள். ஒவ்வொரு திருகும் சாட்சி. மாற்றினால் அது வேறு பொருள். மற்றக் கட்சி, ஓடாத கணினி கணினியே இல்லை, வெறும் பெட்டி. ஓட வைக்க என்ன வேண்டுமானாலும் செய்யலாம், முடிந்தால் மேம்படுத்தவும் செய்யலாம் என்பார்கள். பலகை பலகையாக மாற்றிய பிறகும் அது தீசியஸின் கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்ட கேள்விதான்.

நான் இரண்டாவது கட்சி. காரணம், அந்தப் பள்ளி அறைதான். உறைபோட்டுப் பூட்டி, பூஜை செய்து, யாரும் தொடாமல் காப்பாற்றிய இயந்திரத்தால் எங்களில் ஒருவனும் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் ஒரு வகுப்பறை முழுக்க பிபிசி மைக்ரோக்களை வரிசையாக வைத்துப் பிள்ளைகளைத் தட்டச்சு செய்ய விடுகிறார்கள். விசைகள் தேயும். தேயட்டுமே.

என் சொந்த பிபிசி மைக்ரோவில் பெரிய மாற்றமே செய்திருக்கிறேன். இதன் அடிப்பக்கத்தில் 'டியூப்' என்று ஒரு இணைப்பு உண்டு. இரண்டாவது செயலி ஒன்றை வெளியிலிருந்து மாட்டிக்கொள்ள வைத்தது. அதில் ஒரு ராஸ்பெர்ரி பை ஸீரோவை மாட்டியிருக்கிறேன். 2015ல் வெளிவந்தபோது ஐந்து டாலருக்கு விற்ற, இரண்டு விரல் அகலப் பலகை. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய 6502 செயலியைப் போல அது நடிக்கும், நூறு மடங்குக்கும் மேலான வேகத்தில். அந்தப் பலகையின் உள்ளே இருப்பது ஆர்ம் செயலி. பிபிசி மைக்ரோவைச் செய்த கேம்பிரிட்ஜ் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த அதே ஆர்ம். முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று உயிர் பெற்றபோது அதை மாட்டிப் பார்த்தது ஒரு பிபிசி மைக்ரோவோடுதான். இன்று கிட்டத்தட்ட எல்லாக் கைபேசிகளிலும் இருப்பது அதன் வம்சம். அதாவது, வயதான தாயின் வேலையை ஊர் போய் வளர்ந்த பேரன் வந்து செய்துகொடுக்கிறான்.

முதல் கட்சிக்காரர்கள் இதைப் பார்த்தால் பாவம் என்பார்கள். ஆனால் எனக்கு இதில் உறுத்தல் இல்லை. அந்த இணைப்பை உருவிவிட்டால் இயந்திரம் 1980களில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிடும். உறுத்துவது அந்தக் காகிதம். இயந்திரத்தைப் பல மடங்கு மாற்றியதில் யாருக்கும் எதுவும் போகவில்லை. ஒரு சாண் காகிதத்தை எடுத்துப்போட்டதில் ஒருவருடைய அப்பா போய்விட்டார்.

எவ்வளவு மாற்றினோம் என்று அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பது இப்போது புரிகிறது. திரும்பிப்போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழி இல்லாத மாற்றம் என்றால் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். பெராக்சைடு பூசியதும் திரும்பப் பெற முடியாத மாற்றம்தான். அதற்கும் நான் கேட்கவில்லை. அவருக்கு அது பிடித்துப்போனது என் அதிர்ஷ்டம், என் நேர்மை அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் காகிதம் மாற்றிக்கொண்டே இருப்பதற்காக ஏற்பட்டது. நிரலுக்கு நிரல் வேறு காகிதம். அந்த ஆசிரியரே எத்தனையோ காகிதங்களைக் கசக்கி எறிந்திருப்பார். அவர் எறிந்தால் தப்பில்லை, நான் எறிந்தால் தப்பா?

ஆமாம், தப்புதான் என்று தோன்றுகிறது. அவர் இருந்தவரை அது பத்தில் ஒரு காகிதம். அவர் போன பிறகு அது கடைசிக் காகிதம். பொருளில் ஒரு மாற்றமும் இல்லை. அதன் மதிப்பு ஒரே நாளில் தலைகீழாகிவிட்டது. அப்படி மதிப்பு மாறியது அந்த வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். வெளியாளுக்கு, எவ்வளவு தொழில் தெரிந்திருந்தாலும், தெரியாது. எனக்குக் கபாசிட்டர் தெரியும். எது குப்பை என்பது தெரியாது. தெரியாது என்பதும் அன்று எனக்குத் தெரியவில்லை.

*

எதைக் காப்பாற்றுவது என்பதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1086ல் இங்கிலாந்தில் ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே நூலின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986ல் பிபிசி ஒரு திட்டம் போட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள். அதையெல்லாம் லேசர் வட்டுகளில் பதிந்தார்கள். படிக்க ஏகார்ன் கணினியும் தனி வட்டுக் கருவியும் வேண்டும். பதினைந்து வருடத்தில் அந்தக் கருவிகள் அருகிப்போய், படிக்க ஆளில்லாமல் ஆகிவிட்டது. 2002ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதித்தான் அதை மறுபடி திறந்தார்கள். தோலில் மையால் எழுதிய 1086ஆம் வருடத்து நூலை இன்றும் படிக்க முடிகிறது.

நம் ஊரிலும் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கருங்கல்லைச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கோயில்கள் உண்டு. செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான். என் ஆசையும் அதேதான்.

ஆனால் அதே ஊரில் வேறு வழக்கமும் இருந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுத்துக் கட்டியபோது, பழைய கட்டடத்தின் கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் பொறிக்கச் செய்தார். இவை பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பும் அங்கே உண்டு. கோயிலைக் கட்டாமல் விட்டுவிடவில்லை. பழசு என்று பொய்யும் சொல்லவில்லை. மாற்றினாலும், முன்னால் இருந்தது என்ன என்பதை எழுதி, இது படி என்றும் சொல்லிவிட்டார். பழுது பார்க்கும் எவனுக்கும் இதற்கு மேல் ஒரு பாடம் தேவையில்லை.

*

ஒரு பழுப்புக் காகிதத்தில் நீல மையால் நானே ஏதாவது எழுதி, "கொட்டகையில் கிடைத்தது" என்று கொடுத்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. தேநீரில் நனைத்துக் காயவைத்தால் காகிதம் பழசாகிவிடும். என்ன எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தக் காகிதத்தை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நீல மை என்பது மட்டும்தான் என் நினைவில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். காகிதம் இருந்தது, நான்தான் எறிந்தேன், கேட்டபோது பொய் சொன்னேன், குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நேற்று முழுக்கப் பரணில் தேடினேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அவரே கொட்டகைக்கு வந்தார், இயந்திரத்தோடு. நான் செருகிய அச்சடித்த காகிதத்தை உருவி என் மேஜையில் வைத்தார். சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பத்து விசையில் ஏழுக்கு எழுதியிருந்தது நினைவுக்கு வந்துவிட்டதாம். தம்பிக்குப் போன் போட்டு ஒன்றைச் சரிபார்த்தாராம். தன் கையெழுத்திலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார். அளவாக வெட்டித்தரத்தான் வந்திருந்தார். மூன்று கட்டங்கள் காலி. பின்பக்கம், 'அப்பா எழுதியதை நினைவிலிருந்து எழுதியது' என்று போட்டுத் தேதியும் போட்டிருந்தார். வெட்டிச் செருகிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் யார் இயந்திரம் கொண்டுவந்தாலும், திறப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுக்கிறேன். எதை மாற்றப்போகிறேன் என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் காட்டுகிறேன். கழற்றியது எதுவானாலும், செத்த கபாசிட்டரானாலும், ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கவரை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது அவர்கள் இஷ்டம்.

எங்கள் பள்ளிக்கூடத்து இயந்திரம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எடைக்குப் போட்டிருப்பார்கள். எங்காவது ஒருவன் அதை வாங்கி மூடியைத் திறந்திருந்தால், விசைகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ தூள் இருப்பதைப் பார்த்துத் துரு என்று நினைத்துத் துடைத்திருப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்க அவனுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. எனக்கு இருந்தார்.