ஐந்து வெள்ளிக்கு அப்பால்

1854 பிப்ரவரியில் மதர் மத்தில்ட் ராக்லோ என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி தம் சபைச் சகோதரிகளோடு சிங்கப்பூரில் வந்து இறங்கினார். பாதிரியார் பூரல் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த விக்டோரியா ஸ்திரீட் வீட்டில், பத்தே நாளில் இரண்டு வகுப்புகள் தொடங்கின. ஒன்று, கட்டணம் கட்டிப் படிக்க வந்த பெண்களுக்கு. இன்னொன்று, அநாதைகளுக்கும் வழியற்றவர்களுக்கும்.

அப்படித் தொடங்கிய கான்வென்ட் பள்ளி 1983இல் தோ பாயோவுக்கு இடம் மாறியது. பழைய வளாகம் இன்று ‘சைம்ஸ்’. உணவகங்களும் கல்யாண விருந்துகளுமாகக் களைகட்டுகிறது. கான்வென்ட் வழிவந்த பள்ளிகள் பலவும் இப்போது அரசாங்க உதவி பெறுபவை. உயர்நிலை வகுப்பில் படிக்கும் சிங்கப்பூர்க் குடிமகளுக்கு மாதப் பள்ளிக் கட்டணம் 5 வெள்ளி. இதரக் கட்டணங்களைச் சேர்த்தாலும் 25 வெள்ளிக்குள் முடிந்துவிடும். அப்படியிருக்க, கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிக்குப் படிப்புதவி என்று யாராவது கையேந்தினால், கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி நியாயமானதே. கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் கட்டணம், பாடநூல், சீருடை, பள்ளிச் சாப்பாடு, பயணச் செலவு என்று பலவற்றையும் பார்த்துக்கொள்கிறது. 2025 முதல் அதற்கான வரம்பு, குடும்ப மாத வருமானம் 4,000 வெள்ளி, அல்லது தலைக்கு 1,000 வெள்ளி. நால்வர் கொண்ட ஒரு வீட்டின் வருமானம் 4,100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரம்பையும் அது மயிரிழையில் தாண்டிவிடுகிறது. அந்த நூறு வெள்ளியால் அந்த வீடு வசதியான வீடாகிவிடாது. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கோ இத்திட்டமே கிடையாது. நிரந்தரவாசிகள் கட்டுவதும் மாதம் பல நூறு வெள்ளி.

கட்டணத்தோடு செலவு முடிவதுமில்லை. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 180 கோடி வெள்ளி செலவழிக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரி அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வரும்போது, வாங்க முடியாதவள் ஓர் அடி பின்னால்தான் தொடங்குகிறாள்.

“நம்மவர்களுக்குச் செய்தால் போதாதா?” என்றும் ஒரு குரல் எழும். பீட்டி ரோட்டில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. 1991இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்புக்கு இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து, வருமானத்துக்கேற்ப மாதம் 1 முதல் 30 வெள்ளி வரை போகிறது. துணைப்பாட வகுப்புகளும் நடத்துகிறது. அதே சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள். இனவழி உதவி வீணென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது இனம் பார்த்துத் தொடங்குகிறது. பள்ளி, ஆளைப் பார்த்துத் தொடங்குகிறது. சாப்பாட்டு நேரத்தில் யார் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோகிறாள் என்பது வகுப்பாசிரியைக்குத்தான் முதலில் தெரியும். இத்தகைய பள்ளிகளில் எல்லா மதப் பெண்களும் படிக்கிறார்கள் என்பதால், இந்துவோ முஸ்லிமோ கொடுக்கத் தயங்குவதற்கும் காரணமில்லை.

தயங்க வேண்டியது வேறோர் இடத்தில். முன்னாள் மாணவிகள் திரட்டும் பணம் எங்கே போகிறது? மண்டபத்துக்குக் கொடுத்தால் சுவரில் பெயர் பொறிப்பார்கள். ஒரு பெண்ணின் பேருந்துக் கட்டணத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதனால்தானோ என்னவோ, மண்டபத்துக்குப் பணம் திரட்டுவது எளிது.

கொடுக்கும் விதமும் அறத்தைச் சேர்ந்ததே. அன்றைய கான்வென்ட்டில் கட்டணம் கட்டியவளுக்கு ஒரு வகுப்பு, கட்டாதவளுக்கு வேறு வகுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் இன்று எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது, பதினான்கு வயதுப் பெண்ணை மேடையேற்றி, ஆளுயரக் காசோலையைப் பிடிக்க வைத்துப் படம் எடுத்தால், பழைய சுவரைத் திரும்ப எழுப்புகிறோம் என்றுதான் அர்த்தம். அவள் நன்றி சொல்லக் கடமைப்பட்டவள் அல்லள், படிக்க வந்தவள்.

ஆகவே, கொடுக்கலாம்; கேட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை பள்ளியிலிருந்து நன்கொடைக் கடிதம் வந்தால், வருமான வரம்பை மயிரிழையில் தாண்டிய வீட்டுப் பெண்ணுக்கும் குடியுரிமை இல்லாதவளுக்கும் இதில் எவ்வளவு போகும் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பணம் அனுப்புங்கள். பெறுபவளின் பெயரும் படமும் வேண்டாம் என்று அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.