பெயர் இல்லாத பெயர்

சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். பழுப்பு அட்டை. முன்பக்கம் ஒன்றுமே இல்லை. பின்பக்கம் ஒரு விலைச் சீட்டு. நகத்தால் நெம்பியதும் உரிந்து வந்துவிட்டது. அப்புறம் அட்டையில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. ஏர்போர்ட்டில் கடைசி நிமிஷத்தில் என் ஞாபகம் வந்து, கையில் மிச்சமிருந்த சில்லறைக்கு வாங்கியிருப்பார் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். முகம் காட்டிக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. ''சார், அது முஜி! ஜப்பான்!'' என்றார்.

அடுத்த வினாடி அந்த நோட்டு அழகாகிவிட்டது. தாளைத் தடவிப் பார்த்தேன். மோந்துகூடப் பார்த்தேன். நோட்டு அதே நோட்டுதான். என் காதில் விழுந்த பெயர்தான் அதை மாற்றியது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயருக்கு அர்த்தமே 'பெயர் இல்லை' என்பதுதான். முழுப் பெயர் 'முஜிருஷி ரியோஹின்'. முத்திரை இல்லாத நல்ல சரக்கு.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கலாம். ஆகவே இந்தக் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

1980. ஜப்பானில் பிராண்டு மோகம் தலைக்கேறிக்கொண்டிருந்த காலம். 'செய்யூ' என்ற சூப்பர் மார்க்கெட் சொந்தச் சரக்காக நாற்பது பொருட்களை இறக்கியது. அதில் முப்பத்தொன்று சாப்பாட்டுச் சாமான். ஒன்பது வீட்டுச் சாமான். இன்று நாம் பார்த்து மயங்குகிற வெள்ளைப் பெட்டி, பழுப்பு நோட்டு சமாசாரமெல்லாம் பிற்பாடு பெருகியவை.

ஆரம்ப காலச் சரக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். உடைந்த காளான்! நனைந்து வெந்த பிறகு காளான் முழுசாக இருந்ததா, உடைந்ததா என்று யாருக்குத் தெரியும்? உடைசலைப் பொறுக்கித் தள்ளும் வேலையை நிறுத்தினார்கள், விலை குறைந்தது. ஸ்பகெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். கம்பியில் வளைந்து கிடக்கும் பகுதியை நறுக்கி எறிவது வழக்கம். எறியாமல் பையில் போட்டு விற்றார்கள். தாளை வெளுக்கும் வேலையை விட்டார்கள். பழுப்புத் தாள் வந்தது. ஆமாம், அந்தப் பழுப்பு நிறம் ஆரம்பத்தில் அழகுக்காக வந்ததில்லை, மிச்சம் பிடித்ததில் வந்தது!

அவர்கள் விளம்பர வாசகத்தின் சாரம் இவ்வளவுதான்: மலிவுதான், அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். பொருளாதாரத்தில் எங்களுக்கு முதல் பாடமே 'மனிதனின் விருப்பங்கள் எல்லையற்றவை' என்பதுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இந்த ஜப்பான்காரர்கள் அந்த முதல் வரியிலேயே கை வைத்தார்கள். முஜிக்குப் பின்னாலிருந்த முதலாளி செய்ஜி ட்சுட்சுமி, 'தகாஷி ட்சுஜீ' என்ற புனைபெயரில் கவிதையும் நாவலும் எழுதியவர். அதே மனிதரின் செய்பு டிபார்ட்மென்ட் ஸ்டோர்தான் ஐரோப்பாவின் பெரிய பெரிய பிராண்டுகளை ஜப்பானுக்குக் கொண்டு வந்து விற்றது. ஒரு கையால் ஆசையை விற்றார். இன்னொரு கையால் 'அவ்வளவெல்லாம் வேண்டாமே' என்பதையும் விற்றார். இவரைப் பாராட்டுவதா, கெட்டிக்கார வியாபாரி என்று கும்பிடு போடுவதா?

இரண்டையும் செய்யலாம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் பிறகு நடந்தவை அப்படி.

பெயர் இல்லாத சரக்கு பெரிய பெயராகிவிட்டது. 1991-ல் லண்டனில் கடை. 2016-ல் மும்பைக்கும் வந்தது. உடைந்த காளானை மலிவாக விற்ற கம்பெனியின் கடை, வெளிநாடுகளில் கொஞ்சம் வசதியானவர்கள் போகிற இடமாகிவிட்டது. சீனாவில் இன்னும் தமாஷ். துண்டு, படுக்கை விரிப்பு வகையறாவுக்கு அந்தப் பெயரைச் சீன கம்பெனி ஒன்று முன்னாலேயே பதிவு செய்து வைத்திருந்தது. கோர்ட், கேஸ், அப்பீல். 2019-ல் பெய்ஜிங் உயர் நீதிமன்றத்தில் ஜப்பான்காரர்கள் தோற்று, நஷ்டஈடும் கொடுக்க நேர்ந்தது. 'எங்களுக்குப் பெயரே கிடையாது' என்றவர்கள், 'அந்தப் பெயர் எங்களுடையது' என்று கோர்ட் ஏறினார்கள்!

எனக்கு உறுத்துவது அதுகூட இல்லை. 2001-ல் முஜி பெரிய நஷ்டத்தில் விழுந்தது. கிடங்கு முழுக்க விற்காத துணி. அப்போது பொறுப்புக்கு வந்த தடாமிட்சு மட்சுய், ஊழியர்களின் கண்ணெதிரே அவற்றை எரிக்கச் செய்தார். பாடம் கற்கட்டும் என்றுதான். ஆனால், சில மாதங்களிலேயே மறுபடி சரக்கு தேங்க ஆரம்பித்துவிட்டது. துணி எரிந்தது, பழக்கம் எரியவில்லை. பிறகுதான் உற்பத்தி முறையையே மாற்றினார்கள். உடைந்த காளானை எறிய மனசில்லாமல் பிறந்த கம்பெனிக்குப் புதுத் துணியை எரிக்கும் நிலை எப்படி வந்தது?

'பணம் இருப்பவன் எளிமையாக இருந்தால் ஃபேஷன். இல்லாதவன் எளிமையாக இருந்தால் வறுமை. எல்லாம் பம்மாத்து சார்' என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முஜியின் ஆர்ட் டைரக்டர் கென்யா ஹாரா சொல்லும் ஒரு வித்தியாசம் என்னைக் கொஞ்சம் அசைத்தது. 'இதுதான் வேண்டும்' என்று ஒருவரைச் சொல்லவைப்பது மற்ற பிராண்டுகளின் வேலை. முஜி எதிர்பார்ப்பது, 'இது போதும்.' அந்தப் 'போதும்'மில் ஒரு சலிப்பு, 'என்ன செய்வது' என்கிற பெருமூச்சு ஒளிந்திருக்கலாம்; அதைத் துடைத்துவிட்டு, நிறைவோடு சொல்லும் 'போதும்' வேண்டும் என்கிறார்.

யோசித்தால், இன்னும் எடுத்துக்கொள்ள முடிந்தவன்தான் 'போதும்' என்று சொல்ல முடியும். பந்தியில் சாதம் தீர்ந்துபோன பிறகு 'போதும்' என்பதில் என்ன பெருமை? ஆகவே வசதி உள்ளவன் எளிமையை விரும்புவதே தப்பு என்று சொல்ல முடியாது. அவன் அதை யாருக்குச் சொல்கிறான் என்பதுதான் கேள்வி. வயிற்றுக்கா, பக்கத்து இலைக்காரருக்கா?

இன்னொன்றும் கேட்கலாம். எதை எறிந்துவிட்டு இதை வாங்கினான்? சமையலறையில் நன்றாக இருக்கிற டப்பாக்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, ஒரே அளவில் பன்னிரண்டு வெள்ளை டப்பா வாங்கி அடுக்குவது எளிமை இல்லை. அது இன்னொரு ஷாப்பிங். காளான் கதையை அவன் தலைகீழாகப் படித்திருக்கிறான்.

ஜப்பானில் இந்த மயக்கம் முஜிக்கு ரொம்ப முந்தியது. பதினாறாம் நூற்றாண்டுக் கொரியாவில் ஏதோ ஒரு பெயர் தெரியாத குயவர் செய்த மண் கிண்ணம் ஒன்று ஜப்பானுக்குப் போய், தேநீர்ச் சடங்குக்காரர்கள் கையில் விலைமதிப்பற்றதாகிவிட்டது. 'கிஸாயெமோன் இடோ' என்று அதற்குப் பெயர். கியோட்டோவில் ஒரு கோயிலில் இருக்கிறது. இன்று அது தேசியப் பொக்கிஷம். நாட்டுக் கைவினைகளின் அழகைப் பற்றி எழுதிய யானகி முனெயோஷி 1931-ல் அதைப் பார்த்தார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று திறந்து எடுத்துக் காட்டினார்களாம். ஏழைகள் தினமும் சோறு சாப்பிட்ட சாதாரணக் கிண்ணம் இது, அந்தச் சாதாரணத்தில்தான் இதன் அழகே இருக்கிறது என்று எழுதினார்.

நல்ல வார்த்தைதான். ஆனால், அந்தக் கிண்ணத்தில் இனி யாரும் சோறு சாப்பிட முடியாதே?

இதைப் படித்ததும் எனக்கு அலமாரி ஞாபகம் வந்தது. நண்பர் கொடுத்த நோட்டு ஆறு மாதமாக அங்கேதான் இருக்கிறது. ஒரு வரி எழுதவில்லை. 'நல்ல நோட்டு, நல்ல விஷயம் ஏதாவது எழுதலாம்' என்று பத்திரமாக, பாலிதீன் கவரில் சுற்றி! வெளுக்காத தாளில் செய்த ஒரு சாதாரண நோட்டை, பெட்டிக்குள் பெட்டி வைத்துப் பூட்டியிருக்கிறேன். எரிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் நோட்டு யாருக்கும் பிரயோஜனமில்லை.

நேற்று அதை எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் பால் கணக்கு. இரண்டாம் பக்கத்தில் இஸ்திரிக்குப் போன துணிகளின் எண்ணிக்கை. அட்டையில் இப்போது ஒரு எண்ணெய்க் கறையும் விழுந்திருக்கிறது.

உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது?