தெரிவும் தேவையும்

மாலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடப்போர், தனியார் வகுப்புகளிலிருந்து வெளிவரும் மாணவர் கூட்டத்தைக் காணாதிருக்க முடியாது. கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். பல்கலைக்கழகத்தில் எதனைப் பயில விரும்புகிறீர்கள் என வினவினால், கணினி விஞ்ஞானம் என்பர் பலர். ஏன் என்றால், "வேலை கிடைக்கும், வெளிநாடும் போகலாம்" என்பதே விடை.

இதைக் கேட்டு முகஞ்சுளிப்போர் எம்மிடையே உளர். அறிவை ஊதியத்துக்காகத் தேடுவது இழிவு என்பது அவர்தம் வாதம். உயர்ந்ததாகத் தோன்றும் இவ்வாதம், நாளைய உணவைப் பற்றிய கவலையற்றோரின் வாதம் என்பதை நாம் மறத்தலாகாது.

எமது வரலாற்றைச் சற்றே நோக்குவோம். குடியேற்ற ஆட்சியில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் எழுதுவினைஞராகி மலாயா வரை சென்றனர். ஆங்கில இலக்கியத்தின்மீது கொண்ட காதலாலா அவர்கள் அம்மொழியைக் கற்றனர்? 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் வாயிலை ஒடுக்கியது. மருத்துவமும் பொறியியலும் புகலிடமாயின. 1970களின் தரப்படுத்தல் அவ்வாயிலையும் நெருக்கியது. 1983 யூலையில் கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, எரிக்க முடியாத சொத்து எது என்ற வினா குடும்பங்கள்தோறும் எழுந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியோ அத்தகைய அச்சத்தைச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி எல்லா வீடுகளுக்கும் கொண்டு சென்றது. மூளையில் சுமந்து எந்நாட்டுக்கும் செல்லத்தக்க அறிவை இளைஞர் நாடுவதில் வியப்பென்ன?

ஒரு சிக்கலைப் படிப்படியாகப் பகுத்துத் தீர்க்கும் இன்பத்துக்காகவே இத்துறையை நாடுவோரும் உளர். ஆயினும் அச்சம் பிடர்பிடித்துத் தள்ளும் வழியில் செல்பவனைப் பார்த்து, "நீயே தெரிந்தெடுத்தாய்" எனல் நியாயமன்று. வரலாற்றையோ இசையையோ கற்றவனும் அச்சமின்றி வாழக்கூடிய நாட்டிலேதான் தெரிவு உண்மையான தெரிவாகும். அத்தகைய நாட்டை அமைக்கத் தவறிய பழி மாணவனுடையதன்று.

எனினும் பொறுப்பு முழுவதும் அவனை விட்டு நீங்கிவிடுவதில்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, உண்மையில் எவருக்கும் இலவசமன்று. புறக்கோட்டையில் மூட்டை சுமந்து, கொட்டாஞ்சேனையின் சிற்றறைக்குத் திரும்பும் நாட்டாமைத் தொழிலாளி ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும்போதும் பெறுமதிசேர் வரி செலுத்துகிறான். 2024 சனவரியில் அவ்வரி 18 சதவீதமாக உயர்ந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் கணினிக்கூடத்தில் அவனது வியர்வையும் கலந்திருக்கிறது.

இக்கடனைத் தீர்க்க நாட்டைவிட்டு நீங்காதே என நாம் ஆணையிடவில்லை. அலுவலகக் காரியங்கள் கணினிக்கு மாறிவரும் இந்நாளில், அத்தொழிலாளி தன் தாய்மொழியில் ஒரு விண்ணப்பத்தைப் பிறர் துணையின்றி நிரப்ப வல்லவனாவானா? தமிழில் உயர்தரம் கற்று, ஆங்கில விரிவுரையின் முன் திகைத்து நிற்கும் அவன் மகளுக்கு மூத்த மாணவன் கைகொடுப்பானா? இவ்வினாக்களை எங்கிருந்தாலும் மறவாதிருத்தலே நாம் வேண்டுவது.

எதைக் கற்பது என்பதைத் தேவை தீர்மானித்திருக்கலாம். கற்றதை யாருக்காகப் பயன்படுத்துவது என்பதைத் தேவை மட்டும் தீர்மானிக்க விடலாகாது. அவ்விடத்தில் மாணவனுக்குச் சிறிதளவேனும் சுதந்திரம் உண்டு. அதனை அவன் உணருமாறு செய்வது ஆசிரியர், பெற்றோர், எழுத்தாளர் ஆகிய எம் அனைவரதும் கடமையாகும்.