சம்பளத்தில் தீராத கடன்

"சம்பளம் வாங்குகிறவருக்கு நன்றி எதற்கு?" என்று கேட்பாருண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் அருகே கரை கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. மின் ஊழியர்கள் நீர் தேங்கிய வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் தவித்த கேரளத்திலிருந்தும் ஊழியர்கள் உதவிக்கு வந்தனர். உள்ளூர் ஊழியர் வீடுகளிலும் அன்று இருள்தான். தம் வீட்டை விட்டுப் பிறர் வீட்டுக்கு ஒளி தேடி வந்தவர்கள் அவர்கள்.

சம்பளம் உழைத்த நேரத்துக்கு ஈடு. உயிருக்குத் துணிந்து கம்பத்தில் ஏறிய மனத்துக்கு ஈடாகுமா? பணத்தால் தீர்க்க முடியாத கடனை நன்றியால் அன்றோ தீர்க்க வேண்டும்! விளக்கு வரத் தாமதமானால் அடியேனும் முணுமுணுத்ததுண்டு. இனி முணுமுணுக்குமுன், கம்பத்திலிருந்து இறங்குகிறவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம்.